ஒன்பதாவது நிமிஷத்தில் ஒரு பீக்

ஜெனிஃபருக்கு மெஷின்கள் மேல் கோபம் வந்ததே கிடையாது. மனுஷர்கள் மேல்தான் வரும். செம்பூரில் அந்த மூன்றாம் மாடி லேபில் நாலு நாளாகத் தப்புப் பண்ணிக்கொண்டிருந்தது மெஷின். திட்டு வாங்கிக்கொண்டிருந்தது என்னவோ அனந்தகிருஷ்ணன்.

விஷயம் இதுதான். ஜெனிஃபர் வேலை பார்ப்பது ஒரு பெரிய சோதனைக்கூடக் கம்பெனியில். அந்தக் கம்பெனி ஊரெங்கும் உள்ள சின்ன லேபுகளோடு கூட்டு வைத்துக்கொண்டு அவர்களுக்கு கேஸ் குரோமட்டோகிராஃப் மெஷின் கொடுக்கும். கொண்டுபோய் இறக்கி, பூட்டி, ஓடவைத்து, பிற்பாடு வருஷா வருஷம் பராமரிப்பதும் கம்பெனியின் பாடு, அதாவது ஜெனிஃபரின் பாடு. ஜி.சி. என்று செல்லமாகச் சொல்லப்படும் அந்த மெஷின் பார்வைக்குப் பெரிய மைக்ரோவேவ் அடுப்பு மாதிரி இருக்கும். அதன் வாயில் ஒரு சொட்டு விட்டால், அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் திரையில் ஒரு குன்று எழுப்பிக் காட்டும். அந்தக் குன்றுக்குப் பெயர் பீக். மிளகாய்த்தூளில் பூச்சிமருந்து இருந்தால் பீக் வரும். ஒன்றும் கலக்காத சுத்தத் திரவத்தை விட்டால் கோடு தரையோடு படுத்துக் கிடக்க வேண்டும். அப்படி மூன்று தடவை விடாமல் படுத்துக் கிடந்தால்தான் லேப்காரர் கையெழுத்துப் போடுவார்.

செம்பூர்க் கோடு எட்டு நிமிஷம் சமர்த்தாகக் கிடந்தது. ஒன்பதாவது நிமிஷத்தில் யாரோ கிள்ளிவிட்ட பிள்ளை மாதிரி எழுந்து நின்றது. திங்கள்கிழமை நின்றது, செவ்வாய் நின்றது, புதனும் வியாழனும் நின்றது.

அதுகூடப் பரவாயில்லை. இது ஜெனிஃபர் தனியாகப் போய் நிறுவிய மூன்றாவது மெஷின். முதலாவது பாண்டுப்பில், இரண்டாவது மான்குர்த்தில். இரண்டிலும் இதே ஒன்பதாவது நிமிஷம், இதே பீக். இரண்டு இடத்துக்கும் அப்புறம் சீனியர் நஜிமுதீன் போய் ஒரே நாளில் சரிபண்ணிவிட்டு வந்தார். "என்ன பாய் செஞ்சீங்க?" என்று ஜெனிஃபர் கேட்டால், "குச் நஹீம்மா, ஒண்ணுமில்ல. செப்டம் மாத்தினேன், போயிருச்சு" என்றார். செப்டம் என்பது மெஷினின் வாயில் பூட்டும் சட்டைப் பொத்தான் அளவு ரப்பர் வில்லை. அதைக் குத்திக்கொண்டுதான் ஊசி உள்ளே போகும். அதே செப்டத்தை ஜெனிஃபர் பாண்டுப்பில் மட்டும் பதினாலு தடவை மாற்றியிருந்தாள். அவருக்குப் போகிற பேய் தனக்கு மட்டும் ஏன் போகவில்லை என்று அவளுக்கு அழுகையே வந்தது.

மேலாளர் பத்ரிநாராயணன் திங்கள்கிழமை காலையிலேயே சொல்லிவிட்டார். "வெள்ளிக்கிழமை சாயந்தரம் அஞ்சு மணிக்குள்ள கையெழுத்து வரணும் ஜெனிஃபர். வரலைன்னா நீ ஃபோன் டெஸ்க்குக்கே திரும்பிடு. தப்பா எடுத்துக்காதே."

எப்படி எடுத்துக்கொள்வது? ஃபோன் டெஸ்க்கில் இரண்டு வருஷம் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, "ஒருவாட்டி ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க சார்" என்று ஊருக்கெல்லாம் சொன்னவள் அவள். ஸ்பேனரைக் கையில் வாங்க எத்தனை பேரிடம் சண்டை போட்டிருக்கிறாள். தாராவியில் அந்த வரிசை வீடுகளில் கம்பெனி பேக்பேக்கைத் தோளில் போட்டுக்கொண்டு காலையில் இறங்கும் ஒரே பெண் அவள்தான். மறுபடி அந்த நாற்காலியில் உட்காருவதாவது!

இதில் பத்ரிநாராயணன் வாழ்க்கையில் ஒரே ஒரு மெஷினிடம்தான் தோற்றிருக்கிறாராம். பதினோரு வருஷத்துக்கு முன்னால் டிராம்பேயில். அதைப் பற்றி அவர் சொல்லாத மீட்டிங் கிடையாது. "அது மெஷின் கோளாறே இல்லை. டிராம்பே காத்துலயே ஒரு குணம் இருக்கு. ரிஃபைனரி ஒரு பக்கம், கழிமுகம் ஒரு பக்கம். மனுஷனால ஒண்ணும் பண்ண முடியாது" என்பார். பழிபோட அவருக்காவது காற்று இருந்தது. ஜெனிஃபருக்கு அனந்தகிருஷ்ணன்தான் இருந்தார்.

அனந்தகிருஷ்ணன் அந்த லேபின் தலைவர். மாட்டுங்காவாசி, இஸ்திரி கலையாத சட்டை, நெற்றியில் மெல்லிசாகச் சந்தனம். முதல் நாள் ஜெனிஃபர் டூல்களை எடுத்து வைத்துவிட்டுத் திரும்பினால், மனிதர் மெஷினுக்கு முன்னால் ஒரு தட்டில் கற்பூரம் ஏற்றிச் சுற்றிக்கொண்டிருந்தார். கூடவே ஒரு எலுமிச்சம்பழம். பக்கத்தில் அட்டெண்டர் நாணு, ஐம்பது வயசு மலையாளி, கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

"சார், என்ன பண்றீங்க?"

"புது மெஷின் வந்திருக்கு. திருஷ்டி கழிக்க வேண்டாமா? உள்ளே ஒரு ஜோதி வேற எரியறதுன்னு சொன்னேளே."

உள்ளே ஹைட்ரஜனில் ஒரு சின்னச் சுடர் எரியும், உண்மைதான். பீக்கைக் கண்டுபிடிப்பதே அதுதான். அதைச் சாயங்காலம் அணைக்கிறேன் என்று ஜெனிஃபர் சொன்னபோது அவர் காதைப் பொத்திக்கொண்டார். "அணைக்கறதுன்னு சொல்லப்படாது. மலையேத்தறேன்னு சொல்லுங்கோ."

அன்று மதியம் பீக் வந்ததுமே ஜெனிஃபர் தீர்ப்பு எழுதிவிட்டாள். குற்றவாளி கற்பூரம். அது ஆவியாகி, திறந்திருந்த திரவ பாட்டிலில் இறங்கி, மெஷினுக்குள் போயிருக்கிறது. தட்டு, டப்பா, தீப்பெட்டி எல்லாவற்றையும் லேபுக்கு வெளியே அனுப்பிவிட்டுப் புது பாட்டில் திறந்து, புதுச் செப்டம் போட்டு ஓட்டினாள். ஒன்பதாவது நிமிஷத்தில் பீக் முன்னைவிட உயரமாக வந்தது.

செவ்வாய்க்கிழமை நாணுவின் தலையெண்ணெய்க்குத் தடை. "மேடம், எண்ணெ இல்லாம எனக்கு மண்டெ காயும்" என்று அவர் கெஞ்சியும் பலிக்கவில்லை. புதன்கிழமை ஃபில்டர் காப்பிக்குத் தடை. ஃப்ளாஸ்க் வாட்ச்மேன் அறைக்குப் போயிற்று. வியாழக்கிழமை அனந்தகிருஷ்ணனின் டிபன் கேரியர் மாட்டிக்கொண்டது. ரசத்தில் பெருங்காயம்.

"பெருங்காயம் இல்லாம ரசமா? ஆத்துக்காரிகிட்ட நான் என்னன்னு சொல்றது?"

"மெஷினுக்காகன்னு சொல்லுங்க சார். ரெண்டே நாள்தான். ப்ளீஸ்."

அவர் பெருமூச்சு விட்டு, மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி ஓரமாக நின்று சாப்பிட்டார். ஆனால் போகிறபோது ஒன்று கேட்டார். கற்பூரம் மேல் பழி இருக்கிறதே, அதையே துளி கரைத்து மெஷினில் விட்டுப் பார்க்கலாமே என்றார். நியாயம்தான். விட்டுப் பார்த்தாள். கற்பூரம் ஏழாவது நிமிஷத்திலேயே வந்துவிட்டது. ஒன்பதாவது நிமிஷத்துப் பேர்வழி வேறு ஆள். அனந்தகிருஷ்ணன் அந்தத் தாளை வாங்கி, நாலாக மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதற்கப்புறம் அவர் நடையே கொஞ்சம் மாறியிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை. ஜெனிஃபருக்குத் தூக்கமில்லாமல் கண் எரிந்தது. லேபில் எந்த வாசனையும் கிடையாது. காப்பி இல்லை, எண்ணெய் இல்லை, ரசம் இல்லை, சாமி படத்துக்குப் பூகூட இல்லை. புதிதாக வெள்ளையடித்த ஆஸ்பத்திரி தேவலாம். முதல் ஓட்டத்தில் பீக் கொஞ்சம் சின்னதாக இருந்தது. இரண்டாவதில் இன்னும் சின்னது.

"குறையுது சார்" என்று ஜெனிஃபர் துள்ளி எழுந்தாள். "இப்ப ஒரு புதுச் செப்டம் போட்டா சுத்தமா போயிடும்."

அனந்தகிருஷ்ணன் தொண்டையைச் செருமினார். கையில் ஒரு பழைய டைரி. "ஒண்ணு சொல்லலாமா? நான் திங்கள்கிழமைலேர்ந்து குறிச்சிண்டே வரேன். விட்டு வெச்சா அது பாட்டுக்குக் குறையறது. நீங்க புதுசு மாத்தின உடனே ஏறிடறது. ஒம்பது தடவை மாத்தியிருக்கேள். ஒம்பது தடவையும் ஏறியிருக்கு."

"சார், செப்டம் மாத்தறது ரூல். புதுசு எப்படி அழுக்காகும்?" அவள் குரல் உயர்ந்துவிட்டது. "நீங்க மிளகாய்த்தூள் டெஸ்ட் பண்றவர். மெஷின் என் வேலை."

அவர் டைரியை மூடினார். ஜெனிஃபர் விறைப்பாகப் பையைத் திறந்து செப்டம் பாக்கெட்டை எடுத்தாள். அனந்தகிருஷ்ணனின் மூக்கு மெல்ல ஒருமுறை அசைந்தது. இன்னொருமுறை அசைந்தது. அவர் ஓரடி முன்னால் வந்தார்.

"தப்பா நினைச்சுக்கப்படாது. இங்கே ஏதோ கல்யாணப் புடவை வாசனை வரது."

"என்ன வாசனை?"

"எங்காத்துப் பீரோவைத் திறந்தா வருமே, அது. இத்தனை நாளா காப்பியிலயும் கற்பூரத்துலயும் தெரியலை. நீங்க எல்லாத்தையும் நிறுத்திட்டேளா, இப்போ பளிச்சுன்னு தெரியறது."

ஜெனிஃபர் பாக்கெட்டை முகர்ந்து பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. பையை முகர்ந்தாள், தன் துப்பட்டாவை முகர்ந்தாள். எதிலும் எதுவும் இல்லை.

"நாணு, உமக்குத் தெரியறதா?"

நாணு தர்மசங்கடமாக நெளிந்தார். "எனக்கு ஃபர்ஸ்ட் டேயே தெரியும் சார். லிஃப்ட் திறக்கறதுக்கு முன்னாடியே, மேடம் வந்தாச்சுன்னு தெரியும். ஏதோ ஃபாரின் செண்டுன்னு நினைச்சு."

ஜெனிஃபருக்குக் காதெல்லாம் சூடேறியது. போனை எடுத்துக்கொண்டு வராண்டாவுக்குப் போனாள். அம்மா லூசியம்மாள் இரண்டாவது மணியிலேயே எடுத்தாள்.

"அம்மா, நான் வந்ததும் நீ என் பையை எங்க வைப்ப?"

"எங்க வைப்பேன், பீரோலதான். லட்ச ரூவா சாமான்னு நீதான சொன்ன? கரப்பான் ஏறிட்டுன்னா? என் கல்யாணப் பட்டுக்கு மேலயே வச்சிருக்கேன்."

"பீரோல பாச்சா உருண்டை போட்டுருக்கியா?"

"போடாம இருப்பனா? ஒனக்கு அந்தப் பாண்டுப்பு மெஷினு கெட்டுப்போச்சுன்னு சொன்னேல்லா, சாமான்ல பூச்சி விழுந்துருக்கும்னு அன்னைக்கே நாலு கூடப் போட்டேன். மான்குர்த்தும் போச்சுன்னியா, ஒம் பைக்குள்ளயே ரெண்டு, அடி ஜிப்புல. ஏட்டி, ஏன் பேச மாட்டேங்க?"

ஜெனிஃபர் லேபுக்குள் ஓடிப்போய்ப் பையை எடுத்தாள். அடி ஜிப்பைத் திறந்தாள். இரண்டு வெள்ளை உருண்டைகள் கர்ச்சீப்பில் பத்திரமாக முடிச்சுப் போட்டு இருந்தன.

சிலிகான் ரப்பருக்கு ஒரு புத்தி உண்டு. பக்கத்தில் எந்த ஆவி இருந்தாலும் குடித்து வைத்துக்கொள்ளும். பிறகு சூட்டில் கக்கும். அவள் பேய் ஓட்டுவதற்காக மாட்டிய ஒவ்வொரு செப்டமும் பீரோவில் ராத்திரியெல்லாம் பாச்சை உருண்டையைக் குடித்துவிட்டு வந்து, மெஷினின் சூட்டில் கக்கியிருக்கிறது. நஜிமுதீன் பாய் தன் சாமானை ஆபீஸ் டிராயரில் வைப்பவர், அவ்வளவுதான் சங்கதி. ஜெனிஃபர் பிறந்ததிலிருந்து அந்தப் பீரோவுக்குப் பக்கத்தில் படுத்துத் தூங்குகிறவள். அவள் மூக்குக்கு அது வாசனையே இல்லை, வீடு.

இருந்தாலும் நிரூபிக்க வேண்டுமே. கர்ச்சீப்பைத் தொட அவளுக்கு மனசு வரவில்லை. அது கம்பெனிப் பையில் கிடந்தது, அதில் இன்னும் என்னென்ன ஒட்டியிருக்கிறதோ. நாணுவுக்குத்தான் யோசனை வந்தது. போனார், ஒரு கிடுக்கியில் ஒரு வெள்ளை உருண்டையோடு வந்தார்.

"எங்கேர்ந்து எடுத்தீங்க?"

"ஜென்ட்ஸ் பாத்ரூம் வாஷ்பேசின், மேடம். நன்னா கழுவியாச்சு."

மூன்று பேரும் திரைக்கு முன்னால் நின்றார்கள். ஒரு துளி கரைசல் உள்ளே போனது. எட்டு நிமிஷம் கோடு படுத்துக் கிடந்தது. ஒன்பதாவது நிமிஷத்தில் திரையின் கூரையை இடித்துக்கொண்டு ஒரு பீக் எழுந்தது. நாணு பயந்து ஒரு அடி பின்னால் போனார்.

மணி பன்னிரண்டே முக்கால். ஜெனிஃபர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். மெஷினின் வாயைச் சுத்தம் பண்ணலாம், சூடேற்றி உள்ளே இருப்பதை விரட்டலாம், மூன்று மணிக்குள் முடியும். ஆனால் சுத்தமான ஒரு செப்டம் எங்கே? ஆபீசுக்கு ஆள் அனுப்பினால், வெள்ளிக்கிழமை டிராஃபிக்கில் போய் வந்து மூன்று ஓட்டமும் முடிக்க ஆறு மணியாகிவிடும்.

"மெஷின் வந்த பெட்டியில ஒரு கண்ணாடிக் குப்பி இருந்ததே," என்றார் அனந்தகிருஷ்ணன். "சீல் வெச்சிருந்தது. உள்ளே இதே மாதிரி அஞ்சாறு வில்லை. புது சாமானாச்சேன்னு நல்ல நாள் பார்த்துப் பிரிக்கலாம்னு எடுத்து வெச்சேன்."

ஜெனிஃபர் எழுந்து நின்றாள். "எங்க வச்சிருக்கீங்க சார்?"

"சாமி படத்துக்குக் கீழே."

"கற்பூரம் பக்கத்துலயா?"

"கற்பூரத்தைத்தான் நீங்க முதல் நாளே வெளியே தூக்கிப் போட்டேளே."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. சிரிப்பு முந்திக்கொண்டது.

அடுத்த நாலு மணி நேரத்தில் அந்த லேபில் யாரும் உரக்க மூச்சுவிடவில்லை. ஜெனிஃபர் கையை ஐந்து தடவை கழுவினாள். பையை நாணு கையிலேயே ஏந்திக்கொண்டு போய் மொட்டை மாடியில் வைத்துவிட்டு, அதற்குக் காவலாகவும் நின்றார். முதல் ஓட்டம் சுத்தம். இரண்டாவது சுத்தம். மூன்றாவது ஓட்டத்தில் ஒன்பதாவது நிமிஷம் நெருங்கியபோது அனந்தகிருஷ்ணன் வாய்க்குள் ஏதோ சுலோகம் சொன்னார், ஜெனிஃபர் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். ஒன்பது தாண்டியது. பத்தும் தாண்டியது. கோடு அசையாமல் தூங்கியது. மணி நாலு நாற்பது.

அனந்தகிருஷ்ணன் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுக்காமல் ஒரு கட்டத்தின் மேல் விரலை வைத்தார். கோளாறின் காரணம் என்று போட்டிருந்த கட்டம். காலியாக இருந்தது.

"இதுல கற்பூரம்னு எழுதிடுங்கோ," என்றார் மெதுவாக. "லேப்காரன் கற்பூரம் ஏத்தினான்னு. எனக்கு ரிடையர் ஆக ஏழு மாசம்தான் இருக்கு. என்னை யார் என்ன பண்ணப் போறா? நீங்க சின்னப் பொண்ணு."

ஜெனிஃபர் அவரைப் பார்த்தாள். இந்த வாரம் இவரை லேபில் காப்பி குடிக்கவிடவில்லை, ரசம் சாப்பிடவிடவில்லை. காலையில்கூட மிளகாய்த்தூள்காரர் என்று சொல்லிவிட்டாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. பேனாவை வாங்கி எழுதினாள்: "செப்டம்கள் பொறியாளரின் வீட்டுப் பீரோவில் பாச்சை உருண்டையோடு வைக்கப்பட்டிருந்தன." கீழே தன் பெயரைப் போட்டாள்.

"நிஜமாவே அனுப்பப் போறேளா?"

"உங்க கற்பூரம் நிரபராதி சார். நீங்கதான தாளை மடிச்சுப் பாக்கெட்ல வச்சிருக்கீங்க." அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். "ஸாரி சார். ரொம்பக் கத்திட்டேன்."

"போறது போங்கோ. நாணு, அந்த ஃப்ளாஸ்க்கைக் கொண்டு வாரும். வராண்டாவில குடிக்கலாம்."

ரிப்போர்ட்டைப் போனிலேயே படம் எடுத்து ஐந்துக்குப் பத்து நிமிஷம் முன்னால் பத்ரிநாராயணனுக்கு அனுப்பிவிட்டாள். செம்பூரில் ரயிலேறி, குர்லாவில் மாறும்போது போன் அடித்தது. ஜெனிஃபர் பிளாட்பாரத்து ஓரமாக ஒதுங்கி நின்றாள். ஃபோன் டெஸ்க் நாற்காலியின் கிழிந்த ரெக்ஸின் கண்ணுக்கு முன்னால் வந்தது.

"படிச்சேன்" என்றார் பத்ரிநாராயணன்.

"சார், பாண்டுப், மான்குர்த் ரெண்டும் என் தப்புதான் சார். திங்கட்கிழமை நானே போய் அவங்ககிட்ட சொல்லிடறேன். அப்புறம் நீங்க எங்க உக்காரச் சொன்னாலும்..."

"இரு, இரு." அவர் குரல் தணிந்தது. கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. "இந்தப் பாச்சை உருண்டைங்கறே. வெள்ளையா, கபாட்ல புடவைக்கு நடுவுல போடுவாளே, டாம்பர் கோலி, அதுதானே?"

"ஆமா சார்."

"கலர் கலரா வரதே, ரோஸ், பச்சைன்னு. அதுவும் அதே சரக்குதானா?"

"பெரும்பாலும் அதேதான் சார்."

ஒரு ஃபாஸ்ட் லோக்கல் கடகடவென்று போய் முடிந்தது. லைன் போய்விட்டதோ என்று ஜெனிஃபர் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். போகவில்லை.

"நான் ஃபீல்டுல இருந்தப்போ," என்றார் பத்ரிநாராயணன் ஒருவழியாக, "டூல் கிட்டை ஆத்துக்குத்தான் எடுத்துண்டு வருவேன். என் ஒய்ஃப் ரொம்ப ஜாக்கிரதை. பதினோரு வருஷமா அது அந்தக் கபாட்லயேதான் இருக்கு." ஒரு மூச்சு விட்டார். "எந்த நிமிஷம்னு சொன்னே?"

"ஒன்பது சார்."

"ஒம்பது" என்றார் அவர். "ஃபோன் டெஸ்க்கெல்லாம் வேண்டாம். நீ ஃபீல்டுலயே இரு. பேக்கை மட்டும் ஆபீஸ்லயே வெச்சுட்டுப் போ." வைத்துவிடுவார் என்று பார்த்தால் வைக்கவில்லை. அவ்வளவு பெரிய மேலாளர், பரீட்சை பேப்பருக்குக் காத்திருக்கிற பையன் மாதிரி கேட்டார். "அப்போ அந்த டிராம்பே காத்து?"

ஜெனிஃபர் தோளில் தொங்கிய பையைப் பார்த்தாள். சாயங்காலக் கூட்டத்திலும் அவளைச் சுற்றி ஓரடி இடம் காலியாக இருந்ததை அப்போதுதான் கவனித்தாள். மாட்டுங்காக்காரர் ஒருவர் ஒரு மணி நேரத்துக்கு முன்னால் தன் கற்பூரத்தைப் பழிக்குத் தூக்கிக் கொடுக்க வந்தது நினைவுக்கு வந்தது.

"டிராம்பே காத்து மோசம்தான் சார்" என்றாள்.